ஸ்கோர் அட்டையில் ஒரு வொயிட்

1879 ஜூன் 21, சனிக்கிழமை. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிராவிடன்ஸ் நகரம், மெஸ்ஸர் ஸ்ட்ரீட் மைதானம். உள்ளூர் அணியான பிராவிடன்ஸ் கிரேஸ், கிளீவ்லேண்ட் புளூஸ் அணியை 5-3 என்று வென்றது. அந்த பேஸ்பால் ஆட்டத்தின் ஸ்கோர் அட்டையில் ஃபர்ஸ்ட் பேஸில் நின்றவரின் பெயர் வெறுமனே ‘வொயிட்’ என்று இருக்கிறது. முதல் பெயர் கிடையாது, ஓர் இனிஷியல்கூடக் கிடையாது. நான்கு முறை மட்டை பிடித்தார். ஒரு ஹிட், ஒரு ரன். களத்தில் பந்தை வாங்கி 12 பேரை அவுட் ஆக்கினார். பிழை ஒன்றும் இல்லை. மேஜர் லீக் பதிவேடுகளில் அதற்கு முந்திய நாளும் அவர் இல்லை, பிந்திய நாளும் இல்லை. தொழில்முறை ஆட்டக்காரராக அவர் வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது.

அந்த வரி நூறு ஆண்டுகளுக்கு மேல் யாருடைய கண்ணிலும் உறுத்தாமல் கிடந்தது. மேஜர் லீக்கில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் யார் என்று கேட்டால் பெரும்பாலோர் ஜாக்கி ராபின்சன் என்பார்கள்: 1947 ஏப்ரல் 15, புரூக்ளின். கொஞ்சம் ஆழமாகப் படித்தவர்கள் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்று திருத்துவார்கள்: 1884, டொலீடோ. 2004 ஜனவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் ஸ்டெஃபான் ஃபாட்சிஸ் எழுதிய செய்தி இந்த இரண்டு பதில்களுக்கும் முன்னால் மூன்றாவது ஒன்றை வைத்தது. அமெரிக்க பேஸ்பால் ஆய்வுச் சங்கத்தைச் சேர்ந்த பீட்டர் மோரிஸும் சக ஆய்வாளர்களும் பழைய பதிவேடுகளைத் துருவியதில், அந்த வொயிட் ஜார்ஜியாவில் அடிமைப் பெண்ணுக்குப் பிறந்தவர் என்று தெரிகிறது என்றது அந்தச் செய்தி. சரியென்றால், வாக்கருக்கு ஐந்து ஆண்டுகளும் ராபின்சனுக்கு 68 ஆண்டுகளும் முந்தியவர் அவர்.

விளையாட்டு வரலாற்றில் ‘முதல்’ என்ற சொல்லைப் பார்த்தாலே ஆதாரத்தைத் தேடிப் போவது என் வழக்கம். மோரிஸ் குழு போன வழியில் நானும் தாள் தாளாக நடந்து பார்த்தேன். புதிதாக எதையும் கண்டுபிடிப்பது என் நோக்கமல்ல. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் இழுத்துப் பார்த்து, எது எவ்வளவு தாங்குகிறது என்று தெரிந்துகொள்ள விரும்பினேன்.

மைதானத்தில் கேட்ட கூச்சல்

ஸ்கோர் அட்டை தேவைக்கு மேல் வாய் திறக்காது. 1879-இன் அட்டையில், மட்டையடிக்குக் காத்திராமல் அடுத்த பேஸுக்கு ஓடிச் சேரும் ‘பேஸ் திருட்டு’க்கென்று தனிக் கட்டம்கூட இல்லை. அந்தக் கணக்கை அதிகாரபூர்வமாக வைக்கத் தொடங்கியதே 1886-இல்தான். அன்றைய ஆட்டமே வேறு மாதிரியானது. பிட்ச்சர் 45 அடி தூரத்திலிருந்து இடுப்புக்குக் கீழே கையைச் சுழற்றி வீசுவார். மட்டையாளர் சும்மா நடந்து ஃபர்ஸ்ட் பேஸுக்குப் போக ஒன்பது தவறான பந்துகள் வேண்டும். களத்தில் நின்றவர்களில் பெரும்பாலோர் வெறுங்கையால்தான் பந்து பிடித்தார்கள். ஃபர்ஸ்ட் பேஸில் நிற்பவருக்கோ நாலு பக்கமிருந்தும் பந்து பறந்து வரும். முன்பின் சேர்ந்து ஆடாத அணியில் திடீரென்று நுழைந்து அப்படி 12 பந்துகளைக் கைநழுவ விடாமல் வாங்கியவர் கற்றுக்குட்டியாக இருக்க முடியாது.

அப்படியானால் எங்கே ஆடிப் பழகியவர்? இதற்குப் பதில் உள்ளூர்ச் செய்தித்தாளில் இருந்தது. பிராவிடன்ஸ் மார்னிங் ஸ்டார் அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதும்போது, பல்கலைக்கழகப் பையன்கள் தங்கள் ஆளுக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள் என்கிறது. ஒன்பதாவது இன்னிங்ஸில் அவர் ஹிட் அடித்தபோதும், ஐந்திலும் ஒன்பதிலும் செகண்ட் பேஸைத் திருடியபோதும் கூச்சல் உச்சத்துக்குப் போயிற்றாம். ஸ்கோர் அட்டையில் இடமில்லாத இரண்டு திருட்டுகளும் இந்தச் செய்தியில்தான் பிழைத்திருக்கின்றன. நமக்கு வேண்டிய துப்பும் இதிலேயே இருக்கிறது. பிராவிடன்ஸில் பல்கலைக்கழகப் பையன்கள் என்றால் பிரௌன் பல்கலைக்கழகம்.

மாணவர் ஒருவர் தொழில்முறை அணியில் எப்படி நுழைந்தார் என்பதில் மர்மம் இல்லை. கிரேஸ் அணியின் நிலையான ஃபர்ஸ்ட் பேஸ்மேன் ஜோ ஸ்டார்ட்டுக்கு விரலில் காயம். அந்தக் காலத்து அணிகள் கையில் மாற்று ஆட்டக்காரர்களை அதிகம் வைத்துக்கொள்வதில்லை. ஆள் குறைந்தால் உள்ளூரில் நன்றாக ஆடும் ஒருவரைக் கூப்பிட்டு ஒரு நாள் ஆட வைப்பார்கள். அதே ஊரில் இருந்த பிரௌன் பல்கலைக்கழக அணி அந்த ஆண்டு கல்லூரிகளுக்கிடையே சாம்பியன். அதன் பிட்ச்சர் லீ ரிச்மண்ட்தான் மறு ஆண்டு, 1880 ஜூன் 12 அன்று, ஒரே ஒரு எதிரணி ஆட்டக்காரரைக்கூட பேஸில் ஏற விடாமல் மேஜர் லீக்கின் முதல் ‘பெர்ஃபெக்ட் கேம்’ வீசியவர். வொயிட்டும் அந்தக் கல்லூரி அணியில் ஆடியவர். 1879 அணியின் குழுப்படத்தில் ரிச்மண்ட் முதலான தோழர்களோடு அவரும் இருக்கிறார்.

ஆக, எதிர்த்தரப்பு வழக்கறிஞரைப் போலக் கேட்டாலும் முதல் கண்ணி தாங்குகிறது: அன்று ஆடிய வொயிட், பிரௌன் பல்கலைக்கழகத்தின் வில்லியம் எட்வர்ட் வொயிட். பல்கலைக்கழகப் பதிவேடு அவருக்கு ஒரு சொந்த ஊரும் கொடுக்கிறது. ஜார்ஜியா மாநிலம், மில்னர்.

மாறிப்போன எல்லைக்கோடு

மில்னரை இன்றைய வரைபடத்தில் தேடினால் அது லமார் கவுண்டியில் இருக்கும். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு 1870-இன் பதிவேட்டைத் திறந்தால் ஒன்றும் கிடைக்காது. லமார் கவுண்டி 1920-இல்தான் உருவானது. வொயிட் சிறுவனாக இருந்தபோது மில்னர் இருந்தது பைக் கவுண்டியில். ஆவணத் தேடலில் பாதி வேலை இப்படி எல்லைக்கோட்டைப் பின்னால் தள்ளி வைப்பதில்தான் போகிறது.

அமெரிக்காவில் வொயிட் என்ற குடும்பப் பெயரைத் தேடுவது நம் பக்கத்தில் முருகன் என்ற பெயரைத் தேடுவது போல. ஆயிரக்கணக்கில் வந்து விழும். ஆனால் மில்னர் சிற்றூர். வலையை அங்கே மட்டும் வீசினால் விழுவது கொஞ்சம்தான். 1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த ஊரில் ஒன்பது வயது வில்லியம் இருக்கிறான். ஹன்னா வொயிட் என்ற பெண்ணும் வேறு பிள்ளைகளும் அவனோடு பதிவாகியிருக்கிறார்கள். வொயிட் பிறந்தது 1860-இல்: வயது பொருந்துகிறது, பெயரும் பொருந்துகிறது.

அந்தப் படிவத்தில் மூன்றாவது பத்தி பெயர், நான்காவது வயது, ஐந்தாவது பால், ஆறாவது நிறம். கணக்கெடுப்பாளர் அதில் ஒற்றை எழுத்து மட்டும் போட வேண்டும்: வெள்ளையருக்கு டபிள்யூ, கறுப்பருக்கு பி, கலப்பினத்தவருக்கு எம். ஆப்பிரிக்க ரத்தத்தின் அடையாளம் கண்ணுக்குத் தெரிகிற அளவில் கொஞ்சம் இருந்தாலும் எம் என்றே எழுத வேண்டும், அதில் கவனமாக இருக்க வேண்டும் என்று மேலிடத்து அறிவுரை. சிறுவன் வில்லியமுக்கு எதிரே இருப்பது எம்.

இங்கேதான் நான் நின்று யோசித்தேன். பையன் ஹன்னாவின் மகன் என்று இந்தத் தாள் சொல்கிறதா? பார்த்தவுடன் அப்படித்தான் தோன்றும். ஆனால் 1870 படிவத்தில் உறவுமுறைக்குப் பத்தியே இல்லை. குடும்பத் தலைவருக்கு இவர் என்ன உறவு என்ற கேள்வி 1880-இல்தான் சேர்ந்தது. ஒரே வீட்டில் அடுத்தடுத்த வரியில் இருப்பவர்கள் தாயும் பிள்ளையுமாக இருக்கலாம், வேலைக்காரியும் எஜமானர் பிள்ளையுமாகவும் இருக்கலாம். பையனின் நிறத்தைப் பற்றி விசாரித்த அரசாங்கம் அவன் யாருடைய பிள்ளை என்று விசாரிக்கவில்லை.

பத்து ஆண்டு பின்னால் போய்ப் பார்க்கலாம் என்றால் 1860-இல் கதவு சாத்தியிருக்கிறது. தென் மாநிலங்களில் அடிமைகளுக்குத் தனி அட்டவணை. அதில் உரிமையாளர் பெயர் உண்டு. அடிமைகளுக்கு வயது, பால், நிறம் மட்டுமே, பெயர் கிடையாது. ஹன்னா அங்கே இருந்தாலும் பெயரில்லாத ஒரு வரியாகத்தான் இருப்பாள். வில்லியமோ அதிலும் இருக்க வழியில்லை. அந்தக் கணக்கெடுப்பு 1860 ஜூன் 1-ஆம் தேதியை அடிப்படையாகக் கொண்டது. அவர் பிறந்தது அக்டோபரில்.

பேஸ்பால் கலைக்களஞ்சியங்களில் அவருடைய பிறப்பு ‘அக்டோபர் 1860’ என்றே நிற்கிறது, தேதி இல்லாமல். இப்படி மாதமும் ஆண்டும் மட்டும் உள்ள பிறப்பைப் பார்த்தால் என் கை தானாக 1900 கணக்கெடுப்பின் பக்கம் போகும். பிறந்த மாதத்தையும் ஆண்டையும் எல்லோரிடமும் கேட்ட படிவம் அது.

உயில் பேசுகிறது

உறவைச் சொல்லும் தாள் வேறொரு அலமாரியில் இருந்தது. ஆண்ட்ரூ ஜாக்சன் வொயிட் என்பவர் மில்னரின் வசதியான வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி, அடிமைகளை வைத்திருந்தவர். 1870-களில் இறந்துபோன அவர் எழுதிய உயிலில், சொத்தில் எஞ்சுவதைப் பெறுபவர்கள் என்று மூன்று பெயர்கள் வருகின்றன: வில்லியம் எட்வர்ட் வொயிட், ஆனா நோரா வொயிட், சாரா அடிலெய்ட் வொயிட். அவர்கள் யார் என்பதையும் உயிலே சொல்லிவிடுகிறது. தன் பணிப்பெண் ஹன்னா வொயிட்டின் பிள்ளைகள் என்கிறது.

இந்த வாசகத்தை மெதுவாகப் படிக்க வேண்டும். ‘என் பிள்ளைகள்’ என்று அவர் எழுதவில்லை. அன்றைய ஜார்ஜியாவில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் திருமணம் செல்லாது என்பதால் ஹன்னாவை மனைவி என்று எழுத வழியில்லை. ஆனால் உயில் என்பது வக்கீல் கையில் போகப் போகிற தாள். இன்னாருக்கு என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லாவிட்டால் சொத்து வேறு கைக்குப் போய்விடும். அதனால் மூன்று முழுப் பெயர்களையும் எழுதி, தாயின் பெயரையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருக்கிறார். தன் குடும்பப் பெயரைத் தாங்கிய மூன்று பிள்ளைகளுக்கு, தன் சொத்தை, தாயைச் சொல்லி எழுதிவைக்கும் மனிதர் தன்னைப் பற்றிச் சொல்லாமல் விட்டதை ஆய்வாளர்கள் ஊகித்துக்கொண்டார்கள். அந்த ஊகத்தோடு எனக்குச் சண்டை இல்லை. இருந்தாலும் அது ஊகம்தான் என்பதைக் குறித்துவைக்க வேண்டும். தாய் யார் என்பது எழுத்தில் இருக்கிறது, தந்தை யார் என்பது வரிகளுக்கு நடுவில் இருக்கிறது.

இப்போது இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்று விட்டதை மற்றது நிரப்புகிறது. கணக்கெடுப்பு நிறத்தைச் சொல்லி உறவை விட்டது. உயில் உறவைச் சொல்லி நிறத்தை விட்டது. 1870-இல் நிறத்தை எழுதியவருக்கு அந்தப் பையன் ஒருநாள் பேஸ்பால் ஆடுவான் என்று தெரியாது. 1879-இல் ஸ்கோர் எழுதியவருக்கு அவனுடைய தாய் யார் என்று தெரியாது. ‘அடிமைப் பெண்ணின் மகன் மேஜர் லீக்கில் ஆடினான்’ என்று சொல்லும் தாள் உலகத்தில் ஒன்றுகூட இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணமான சில தாள்களின் இணைப்பில்தான் அந்தச் செய்தி இருக்கிறது. அதனால்தான் 124 ஆண்டுகள் அது யாருக்கும் தட்டுப்படவில்லை.

வேறு ஒரு வில்லியம் எட்வர்ட் வொயிட் இருந்திருக்கக் கூடாதா? அதே சிற்றூரில், அதே வயதில், அதே இரட்டை முதற்பெயரோடு, தூரத்து வடக்கிலுள்ள பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிப் படிக்க வைக்கும் வசதியோடு இன்னொருவர் இருந்தார் என்று வாதிடுபவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும். இந்தக் கண்ணியும் தாங்குகிறது.

நிறம் மாறிய பதிவேடு

பிரௌனில் வொயிட் பட்டம் வரை இருக்கவில்லை. பிறகு அவரைப் பின்தொடர 1890 கணக்கெடுப்பு உதவாது. 1921-இல் வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் பிடித்த தீயிலும் அதற்குப் பின்னான அலட்சியத்திலும் அதன் ஏடுகள் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டன. அந்த இருட்டைத் தாண்டினால் அவரைச் சிகாகோவில் பார்க்கிறோம். அங்கே அவரைப் பதிந்த கணக்கெடுப்பில், நிறத்துக்கான பத்தியில் எம் இல்லை. வெள்ளையருக்கான டபிள்யூ இருக்கிறது. சிகாகோவில் அவர் வெள்ளையராகவே வாழ்ந்தார். 1937 மார்ச் 29 அன்று அந்த நகரத்திலேயே இறந்தார்.

இந்த நிறமாற்றத்தைப் பொய் என்று சொல்லத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கதவைத் தட்டிய கணக்கெடுப்பாளர் கண்ணால் பார்த்ததை எழுதினார். மில்னரில் ஹன்னாவின் பக்கத்தில் நின்ற பையனைப் பார்த்தவருக்கு ஒரு நிறம் தெரிந்தது. சிகாகோவில் தனியாக நின்ற மனிதரைப் பார்த்தவருக்கு வேறு நிறம் தெரிந்தது. மெஸ்ஸர் ஸ்ட்ரீட் மைதானத்தில் கூடியவர்களுக்குத் தெரிந்ததும் இந்த இரண்டாவது நிறம்தான் போலும். மார்னிங் ஸ்டார் அவருடைய திருட்டுகளை வர்ணித்தது. நிறத்தைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த ஆட்டத்தில் ரைட் ஃபீல்டிலிருந்த ஜிம் ஓ’ரூர்க்கை ஃபர்ஸ்ட் பேஸுக்கு மாற்றினார்கள். அதன் பிறகு வொயிட்டைக் கூப்பிடவில்லை. நிறம் தெரிந்துபோய் விலக்கினார்கள் என்று கதை கட்ட எழுதுபவன் கை துறுதுறுக்கும். ஆனால் ஓ’ரூர்க் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். கிரேஸ் அணி பட்டத்துக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்தது. 59 வெற்றி, 25 தோல்வியோடு அந்த ஆண்டு பட்டத்தையும் வென்றது. அப்படிப்பட்ட அணி ஒரு மாணவரை ஒரு நாளோடு அனுப்பிவிடுவதற்கு வேறு காரணம் தேவையில்லை.

வாக்கர் கொடுத்த விலை

வொயிட்டின் ஆட்டம் எவ்வளவு அமைதியாக முடிந்தது என்று புரிய வாக்கரைப் பார்க்க வேண்டும். ஓஹையோவில் சுதந்திரமாகப் பிறந்து, ஓபர்லின் கல்லூரியில் படித்த கேட்சர் அவர். 1883 ஆகஸ்டில் சிகாகோ அணி டொலீடோவுக்கு ஆட வந்தபோது அதன் கேப்டன் கேப் ஆன்சன், கறுப்பர் களத்தில் இருந்தால் ஆட மாட்டேன் என்றார். டொலீடோ மேனேஜர் சார்லி மார்ட்டன் வேண்டுமென்றே வாக்கரைக் களத்தில் இறக்கினார். டிக்கெட் பணத்தில் பங்கு போய்விடும் என்று ஆனதும் ஆன்சன் இறங்கிவந்தார். மறு ஆண்டு டொலீடோ அணி மேஜர் லீக்கான அமெரிக்கன் அசோசியேஷனில் சேர, வாக்கர் 42 ஆட்டங்கள் ஆடினார். சொந்த அணியின் பிட்ச்சர் டோனி முல்லேன், வாக்கர் காட்டும் சைகையை மதிக்காமல் இஷ்டத்துக்கு வீசியதாகப் பிற்காலத்தில் தானே சொன்னார். என்ன பந்து வரும் என்று தெரியாமலே கேட்சர் குந்தியிருக்க வேண்டியிருந்தது. ரிச்மண்ட் நகரத்துக்கு வாக்கரை அழைத்து வந்தால் 75 பேர் கூடித் தாக்குவோம் என்று மார்ட்டனுக்கு மிரட்டல் கடிதம் வந்தது. 1887 ஜூலையில் இன்டர்நேஷனல் லீக் என்ற மைனர் லீக்கின் உரிமையாளர்கள் இனிக் கறுப்பர்களோடு புது ஒப்பந்தம் போடுவதில்லை என்று வாக்களித்தார்கள். அந்தத் தடுப்பை உடைக்க ராபின்சன் வர வேண்டியிருந்தது.

இதில் எதுவும் வொயிட்டுக்கு நேரவில்லை. ஒரே ஒரு நாள் ஆடினார், தன் கல்லூரித் தோழர்களின் கைதட்டலோடு வெளியேறினார். தடை என்று ஒன்று இருந்ததைப் பார்வையாளர்களும் உணரவில்லை, அதைத் தாண்டுவதாக அவரும் காட்டிக்கொள்ளவில்லை. இதனால் அவர் குறைந்தவர் ஆகிவிட மாட்டார். தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை என்ற சட்டத்தின் கீழ் பிறந்தவர் அவர். ஐந்து வயதில்தான் அந்தச் சட்டம் செத்தது. அதற்குப் பின் கிடைத்த திறந்த வழியில் அவர் நடந்தார். ஆனால் வாக்கரும் ராபின்சனும் வாங்கிய அடிகளோடு சேர்ந்து வரும் ‘முதல்’ என்ற பட்டத்தை, அவர் வாழ்நாளில் கேட்டு வாங்காத ஒன்றை, நாமாக அவர் தலையில் வைப்பது சரியா?

என் முடிவு இது. கறுப்பினத்தவர் என்று எல்லோரும் அறிய மேஜர் லீக்கில் ஆடிய முதல்வர் என்ற இடத்தில் 1884-இன் வாக்கரே இருக்கட்டும். 1879-இன் வரிக்கு எதிரே எழுத வேண்டியது வேறு: அடிமையாகப் பிறந்து மேஜர் லீக்கில் ஆடியவராக இன்றுவரை அறியப்பட்ட ஒரே மனிதர். ‘முதல்’ என்ற பட்டத்தை வொயிட்டுக்குக் கொடுக்க, அவர் தன்னை யாராக நினைத்தார் என்று தெரிய வேண்டும். இந்த வாசகத்துக்கு உயிலும் பிறந்த ஆண்டும் போதும். கையிலிருக்கும் தாள்கள் அந்தப் பாரத்தைத் தாங்கும்.

இந்தத் தேடல் கற்றுக்கொடுத்த தொழில்பாடமும் ஒன்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டு ஸ்கோர் அட்டைகளில் ஒரே ஆட்டம் ஆடிவிட்டுக் குடும்பப் பெயரை மட்டும் விட்டுப்போனவர்கள் வேறு பலரும் இருக்கிறார்கள். அவர்களை அடையாளம் காண முயல்பவர்கள் விளையாட்டுப் பக்கங்களோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. பத்திரம், உயில், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு ஆகியவற்றையும் புரட்ட வேண்டும். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாத தாள்தான் ஆட்டக்காரர் யார் என்று சொல்லியிருக்கிறது.